ஃபிரான்கோனியா ரிட்ஜ் ஏற முன்பதிவு வேண்டுமா, வேண்டாமா?

நாஷுவாவாசி:

அக்டோபரில் வரும் கொலம்பஸ் தின நீள விடுமுறை நெருங்குகிறது. நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் "இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போகிறோம், அப்படியே ஃபிரான்கோனியா ரிட்ஜும் ஏறிவிடலாம்" என்று திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் என் கருத்தை இப்போதே வைக்கிறேன். நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன் தேசிய வனத்தில், இந்த மலைமுகட்டுப் பாதை ஒன்றுக்காவது வரம்பு வேண்டும். மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை வார இறுதிகளில் நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வைத்து, முன்பதிவு கொண்டுவர வேண்டும்.

பாதை தெரியாதவர்களுக்காக: ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் அருவிகளை ஒட்டி ஏறி, லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என்று மூன்று உச்சிகளைக் கடந்து, ஓல்ட் பிரைடில் பாத் வழியாக இறங்க வேண்டும். சுமார் 9 மைல் வளையம், மொத்த ஏற்றம் 3,900 அடியை ஒட்டி வரும். நடுவில் ஒன்றே முக்கால் மைல் தூரம் மரமே கிடையாது.

பிரச்சினை அந்த ஒன்றே முக்கால் மைலில்தான். அங்கே பாதையின் இரு பக்கமும் தாழ்வாகக் கல் வரிசை அடுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டி வெளியே கால் வைக்கக் கூடாது என்று அர்த்தம். கூட்டமான சனிக்கிழமையில் எதிரே பத்துப் பேர் வந்தால், ஒதுங்க இடமில்லாமல் எல்லோரும் கல்லைத் தாண்டி நிற்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் டயபென்சியா என்ற செடி இருக்கும். தரையோடு தரையாக, பச்சை மெத்தை மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு. அந்தக் குளிரிலும் காற்றிலும் அது அந்த அளவுக்கு வளரவே பல வருடங்கள் ஆகும். மேலே நின்று போட்டோ எடுப்பவருக்கு அது வெறும் பாசி. பூட்ஸ் பட்டுப் பட்டு நடுவில் பிய்ந்தால், அந்த ஓட்டையில் காற்று புகுந்து மண்ணை அரித்து, செடி முழுவதும் போய்விடும்.

"மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிற விஷயம் இல்லை இது.

கல்லணை:

நாஷுவாவாசி சொல்லும் சேதம் உண்மை, அதில் எனக்கு வாதம் இல்லை. மருந்தில்தான் வாதம்.

முதலில் இந்த வனம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். நூற்றிருபது வருடத்துக்கு முன் இந்த மலைகள் மரக் கம்பெனிகளின் சொத்து. மொட்டையடித்தார்கள், வெட்டிப்போட்ட கிளைகளில் தீ பிடித்தது, கீழே ஆற்றோர ஆலைகளுக்குத் தண்ணீர் ஒழுங்காக வராமல் போனது. அந்த நிலைமையில்தான் 1911-இல் வீக்ஸ் சட்டம் வந்தது. கிழக்கு மாநிலங்களில் தனியார் கையில் இருந்த மலைக்காட்டை மத்திய அரசு பணம் கொடுத்து வாங்கலாம் என்றது அது. 1918-இல் ஒயிட் மவுண்டன் தேசிய வனம் உருவானது. இன்று சுமார் 8 லட்சம் ஏக்கர். மக்கள் காசில் வாங்கிய காடு. போஸ்டனில் டாக்ஸி ஓட்டுபவரும் விடிகாலையில் கிளம்பி இரண்டரை மணி நேரத்தில் வந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏறலாம் என்பதுதான் இதன் அழகே.

இரண்டாவது, இது தேசியப் பூங்கா இல்லை, தேசிய வனம். 1960-ஆம் வருடச் சட்டப்படி மரம், தண்ணீர், மேய்ச்சல், வன உயிர், பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் இங்கே இடம் உண்டு. பூங்காவில் வாசல் இருக்கும், வாசலில் ஆள் இருப்பார். இங்கே வாசல் எங்கே? ஃபிரான்கோனியா ரிட்ஜ் மேல் அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதை போகிறது. ஜார்ஜியாவில் மார்ச்சில் கிளம்பிய ஆள் ஆகஸ்டில் எந்தத் தேதியில் லிங்கன் உச்சிக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. பெமிகெவாசெட் காட்டுப் பக்கத்திலிருந்து கார்ஃபீல்டு மலை வழியாக வருபவர்கள் வேறு. எல்லாரும் புறப்படும் லஃபாயெட் பிளேஸ் பார்க்கிங்கோ மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது, வனத்துறை நிலத்தில் இல்லை. முன்பதிவை யார், எங்கே நின்று சரிபார்ப்பது?

பொதிகை:

நான் கொலராடோவில் இருக்கிறேன், நாஷுவாவாசி பக்கம்தான் நிற்பேன். எங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒயிட் ரிவர் தேசிய வனத்தில் ஹேங்கிங் லேக் என்று ஒரு சின்ன ஏரி. கிளென்வுட் கேன்யனின் சுவரில் தொற்றிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். பாதை ஒன்றேகால் மைல்கூட இல்லை, ஆனால் ஆயிரம் அடி ஏற வேண்டும். ஏரியின் கரையே டிராவர்டைன் என்ற சுண்ணாம்புப் படிவம். தண்ணீரிலிருந்து படிந்து படிந்து உருவானது, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பசையே அதற்கு ஆகாது என்பதால் தண்ணீரில் கால் நனைக்கக்கூடத் தடை. தடைப் பலகைக்குப் பக்கத்திலேயே குளித்தார்கள். கீழே பார்க்கிங் நிறைந்து, ஐ-70 நெடுஞ்சாலை வெளியேறும் சரிவு வரைக்கும் கார்கள் நிற்கும். கோடையில் ஒரு நாளுக்கு ஆயிரம் பேருக்கு மேல்.

2019 மே மாதம் வரம்பு வந்தது: நாளுக்கு 615 பேர். கிளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்து ஷட்டில் பஸ். 2020-இல் கிரிஸ்லி க்ரீக் காட்டுத்தீ, 2021-இல் சேற்று வெள்ளம் வந்து பாலங்களை அடித்துக்கொண்டு போனது. திறந்தபோதும் வரம்பை எடுக்கவில்லை. ஆளுக்கு 12 டாலர். இன்று அங்கே போனால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, மற்றவர் போன் பாட்டு கேட்கவில்லை. வந்தவர்களிடம் கேளுங்கள், யாரும் பழைய நிலை வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள்.

கல்லணை:

பொதிகை அண்ணா, வந்தவர்களிடம் கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். இடம் கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்களிடம் யார் கேட்டார்கள்? அப்புறம், ஹேங்கிங் லேக்குக்கு ஒரே பாதை, ஒரே வாசல், முடிவில் ஒரு ஏரி. ஒரு ஆளை நிறுத்தினால் போதும். ஃபிரான்கோனியா அப்படியில்லை என்றுதான் மேலே சொன்னேன்.

செம்பருத்தி:

நான் கல்லணை சொல்வதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன், இதை யாருமே இன்னும் பேசவில்லை: வானிலை.

ஒயிட் மவுண்டனில் சாவுகள் ஏன் நடக்கின்றன? உயரத்தினால் இல்லை. லஃபாயெட் 5,249 அடிதான், மேற்கு மாநிலத்தார் அதைக் குன்று என்பார்கள். வானிலையினால். பக்கத்து வாஷிங்டன் மலையில் 1934-இல் மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. அக்டோபரில் கீழே டி-ஷர்ட் வெயில், ரிட்ஜில் ஐஸ் மழை. இது அதிசயமே இல்லை. அந்த உச்சிகளுக்கென்று வாஷிங்டன் மலை வானிலை ஆய்வகம் தனியாக ஒரு முன்னறிவிப்பு தருகிறது. நம்பகமாகப் பார்க்கக்கூடியது ஒன்றிரண்டு நாளுக்குத்தான். அதைப் பார்த்து வெள்ளிக்கிழமை இரவு "வேண்டாம், அடுத்த வாரம்" என்று முடிவெடுப்பதுதான் இந்த மலையில் உயிரைக் காப்பாற்றும் ஒரே பழக்கம்.

இப்போது, இரண்டு மாதம் முன்னால் காசு கட்டி தேதி வாங்கிய குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஹோட்டல் போட்டாச்சு, பாட்டி தாத்தா ஊரிலிருந்து வந்தாச்சு, பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. காலையில் மேகம் இறங்கியிருக்கிறது. திரும்பிப் போவார்களா? "பெர்மிட் வீணாகிவிடும்" என்ற ஒரு எண்ணமே நாலு பேரை மேலே தள்ளும். கலிஃபோர்னியாவின் மவுண்ட் விட்னிக்கு பிப்ரவரியில் லாட்டரி போட்டு ஜூலைக்குத் தேதி வாங்குகிறார்கள், சரி. சியரா நெவாடாவில் ஜூலை வானத்தை ஓரளவு நம்பலாம். இங்கே முடியாது.

இன்னொன்று. நான் மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். என் ஷிஃப்ட் அட்டவணை கடைசி நேரத்தில்தான் வரும். காலையில் சரியாகக் குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கு இணையதளம் திறக்கும், முப்பது நொடியில் தீர்ந்துவிடும் என்றால், அது யாருக்கான காடு? தேசியப் பூங்கா முகாம்களைப் பற்றி 2022-இல் வந்த ஆய்வு ஒன்று, முன்பதிவு இடங்களில் தங்குபவர்கள், வந்தவருக்கு முதலில் என்று கொடுக்கும் இடங்களில் தங்குபவர்களைவிட வசதியான பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்று காட்டியது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நாஷுவாவாசி:

செம்பருத்தி, வானிலை பற்றி நீங்கள் சொன்னது வலுவான வாதம். ஆனால் அது மாதக்கணக்கில் முன்னால் கொடுக்கும் முன்பதிவுக்கு எதிரான வாதம், முன்பதிவுக்கே எதிரான வாதம் இல்லை. பக்கத்து மெயின் மாநிலத்தில் அகாடியா பூங்காவின் கடிலாக் மலையைப் பாருங்கள். 2021 முதல் கார் முன்பதிவு. அதில் 30 விழுக்காடு இடங்களை மட்டும் 90 நாள் முன்னால் கொடுக்கிறார்கள். மீதி 70 விழுக்காடு, போகிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 10 மணிக்குத்தான் திறக்கும். முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம். ஒரு காருக்கு 6 டாலர். இதை ஏன் இங்கே செய்ய முடியாது?

கல்லணை கேட்ட "யார் சரிபார்ப்பது" என்பதற்கும் பதில் இருக்கிறது. தொலைதூரம் நடப்பவர்களுக்கும் மலைக்குடிலில் தங்குபவர்களுக்கும் விலக்கு கொடுங்கள். வார இறுதியில் கூட்டத்தை உண்டாக்குவது அவர்கள் இல்லை. லஃபாயெட் பிளேஸில் காலை ஐந்து மணிக்குக் கார் நிறுத்தி வளையத்தைச் சுற்றி வருகிற நாம்தான். நம்மை மட்டும் எண்ணினால் போதும்.

இப்போது வரம்பே இல்லை என்று நினைத்துப் பேசுகிறீர்கள். இருக்கிறது. பார்க்கிங்தான் வரம்பு. ஐ-93 ஓரத்தில் நிறுத்தத் தடை போட்டுவிட்டார்கள். அதனால் ஐந்து மணிக்கு வருபவருக்கு இடம், எட்டு மணிக்குக் கைக்குழந்தையோடு வருபவருக்கு இல்லை. விடிகாலை எழ முடிந்தவனுக்கு முன்னுரிமை என்பது மட்டும் எந்த விதத்தில் நியாயம்? போஸ்டனுக்குத் தெற்கே வாடகைக்கு இருப்பவர் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். பக்கத்தில் கேபின் எடுத்துத் தங்க வசதி உள்ளவர் நாலரைக்கு எழுந்தால் போதும். இதிலும் காசு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வைகைக்கரை:

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. முதலில் எண்ணிக்கை வரம்பே இல்லை, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. எத்தனை வண்டி வருகிறது என்று கணக்குத் தெரிந்துகொள்வதற்காக. அந்தக் கணக்கு இருந்ததால்தான் அடுத்த வருடம் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண் சொல்ல முடிந்தது. ஃபிரான்கோனியாவில் முதலில் எண்ணட்டும். பதிவு கட்டாயம், வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. ஒரு பருவம் ஓடட்டும்.

அடையாறு:

சியாட்டிலிலிருந்து. ஒக்கனோகன்-வெனாச்சி தேசிய வனத்தின் என்சான்ட்மெண்ட்ஸ் பகுதியைப் பற்றி இரண்டு பக்கத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அரைகுறை வரம்பு என்ன செய்யும் என்பதற்கு அதுதான் பாடம்.

அங்கே இரவு தங்க வேண்டுமானால் மே 15 முதல் அக்டோபர் 31 வரை லாட்டரி. கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் பகலில் நடந்துவிட்டு வருவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பாதை தொடக்கத்தில் ஒரு இலவசச் சீட்டை நாமே எழுதிக்கொண்டு போகலாம். விளைவு? லாட்டரியில் தோற்றவர்கள் எல்லோரும், இரண்டு மூன்று நாளில் நடக்க வேண்டிய 18 மைலுக்கு மேற்பட்ட வழியை ஒரே நாளில் முடிக்கக் கிளம்புகிறார்கள். இடையில் ஆஸ்கார்டு பாஸ். ஒரு மைலுக்குள் கிட்டத்தட்ட 2,000 அடி, உருளும் கல்லில். தயாராக வராதவர்களை அந்த விதியே அங்கே தள்ளிவிடுகிறது. தங்குபவரிடம் கழிப்பிடம் எங்கே, குப்பையை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று பேச ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. ஓடிக் கடப்பவரிடம் அதுவும் இல்லை. மலை ஆடுகள் மனித மூத்திரத்தின் உப்புக்காக ஆட்களைப் பின்தொடர்கின்றன, அந்த உப்புக்காக ஆடுகள் செடிகளைத் தோண்டிக் கெடுக்காமல் இருக்கப் பாறை மேல் சிறுநீர் கழிக்கச் சொல்கிறார்கள், இதெல்லாம் முதல் தடவை வருபவருக்கு எப்படித் தெரியும்?

நாஷுவாவாசி, உங்கள் திட்டத்திலும் அதே ஓட்டை இருக்கிறது. வார இறுதிக்கு மட்டும் வரம்பு என்றால் வெள்ளியும் திங்களும் நிறையும். ரிட்ஜுக்கு மட்டும் என்றால் கூட்டம் பக்கத்துப் பாதைக்குப் போகும். அந்தப் பாதைக்கு ரிட்ஜில் இருக்கும் கல் வரிசைகூடக் கிடையாது.

என் நிலை: வரம்பு வேண்டும், ஆனால் ரேஞ்சர் இல்லாத வரம்பு வேண்டாம். 2025 பிப்ரவரியில் வனத்துறையில் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கினார்கள். முதலில் போனது பாதையில் நடந்து போய்ப் பேசுகிற, கழிப்பறை சுத்தம் செய்கிற ஆட்கள்தான். இணையதளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அது வெறும் டிக்கெட் கவுண்டர்.

மலைக்கோட்டை:

பல வருடமாக ஒயிட் மவுண்டனில் ஒரு பாதைத் துண்டைத் தத்தெடுத்துப் பராமரிக்கும் தன்னார்வலர் நான். மண்வெட்டி பிடிக்கிறவன் பார்வையில் சில விஷயம்.

பாதை கெடுவதற்கு எல்லோரும் ஆட்களை எண்ணுகிறீர்கள். தண்ணீரை யாரும் எண்ணவில்லை. மேற்கு மாநிலப் பாதைகள் குதிரைக்காக வளைந்து வளைந்து போடப்பட்டவை. விட்னியில் மட்டும் 99 வளைவு என்பார்கள். இங்கே பல பாதைகள் பழங்காலத்தவை, உச்சியைப் பார்த்து நேராக ஏறுபவை. நேராக ஏறும் பாதையில் மழைத் தண்ணீரும் நேராக இறங்கும். அதைத் தடுக்கத்தான் குறுக்கே கட்டையோ கல்லோ சாய்வாகப் பதித்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுகிறோம். அந்தக் கட்டைக்கு மேல் பக்கம் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துவிடும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அள்ளிப் போடாவிட்டால், ஒரே ஒரு பலத்த மழை போதும். பாதை ஓடையாகி, மண் போய், வேர் தெரியும். அடுத்து வருகிறவர் சகதியைத் தவிர்க்க ஓரமாக நடப்பார். அவர் பின்னால் வருபவர் அதற்கும் ஓரமாக. மூன்றடிப் பாதை பத்தடி ஆவது இப்படித்தான்.

அதனால் எனக்கு முதல் தேவை கல் வேலைக்குப் பணமும் ஆளும். ஓல்ட் பிரைடில் பாத்தில் போட்டிருக்கும் கல்படிகளைப் பாருங்கள்: படி இருக்கும் இடத்தில் எல்லோரும் படியில்தான் நடக்கிறார்கள், பக்கத்துப் பாசி திரும்ப வளர்கிறது.

இன்னொரு உதாரணம், எல்லோருக்கும் தெரிய வேண்டியது. ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று ஒரு மஞ்சள் பூச்செடி, மிகச் சின்னது, இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. வாஷிங்டன் மலைக்குப் பக்கத்தில் மன்றோ மலை அடிவாரத்தில் அதன் நடுவே பாதை போனது. 1980-இல் அழியும் இனமாக அறிவித்தார்கள். 1983-இல் பாதையைத் தள்ளிப் போட்டு, செடி இருக்கும் இடத்துக்குக் கல் சுவர் வைத்தார்கள். விதை சேர்த்து, நாற்று வளர்த்து நட்டார்கள். 2002-இல் அழியும் இனப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எந்த லாட்டரியும் இல்லை, எந்த முன்பதிவும் இல்லை. அன்றும் இன்றும் அந்த மலையில் கூட்டம்தான்.

நாஷுவாவாசி:

மலைக்கோட்டை ஐயா, உங்கள் கைவேலைக்கு என் வணக்கம். ஆனால் அந்தப் பூச்செடிக் கதை என் பக்கம்தான் பேசுகிறது. பாதையைத் தள்ளிப் போட்டதோடு விடவில்லை, செடி இருக்கும் இடத்துக்குள் பொதுமக்கள் நுழையவே கூடாது என்று மூடினார்கள். அதாவது அங்கே வரம்பு சுழியம். வாஷிங்டன் மலையின் தோள் அகலமானது, பாதையைத் தள்ள இடம் இருந்தது. ஃபிரான்கோனியா ரிட்ஜில் எங்கே தள்ளுவீர்கள்? சில இடங்களில் முதுகெலும்பு மாதிரி குறுகல். இந்தப் பக்கம் தள்ளினால் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம்.

மீட்புப் பணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிட்ஜில் ஒருவர் கணுக்கால் பிசகி உட்கார்ந்தால், மாநில மீன்-வனவிலங்குத் துறை அதிகாரிகளும் தன்னார்வலர்களும் ராத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தோளில் சுமந்து அந்தக் கல்படிகளில் இறங்குகிறார்கள். பொறுப்பில்லாமல் போய் மாட்டிக்கொண்டவரிடம் செலவை வசூலிக்க நியூ ஹாம்ப்ஷயரில் சட்டமே இருக்கிறது. அந்தச் செலவிலிருந்து பொதுவாக விலக்கு தரும் ஹைக்சேஃப் அட்டையை 2015 முதல் விற்கிறார்கள், ஒருவருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. முன்பதிவுப் பக்கம் ஒன்று இருந்தால் ஒவ்வொருவரையும் "ஹெட்லாம்ப் இருக்கிறதா, மழைக்கோட்டு இருக்கிறதா" என்று ஒரு தடவையாவது கேட்கலாம்.

செம்பருத்தி:

கட்டத்தை டிக் பண்ணிவிட்டுப் போவார்கள். யார் படிக்கிறார்கள்? பாதைத் தொடக்கத்தில் தன்னார்வலர்கள் நின்று "மேலே காற்று எவ்வளவு தெரியுமா, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்" என்று கேட்பது இப்போதே நடக்கிறது. முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்டால் மனம் மாறுகிறது. காலில் கான்வாஸ் ஷூவோடு வந்தவர்கள் சுலபமான லோன்சம் லேக் பாதைப் பக்கம் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஆட்களை அதிகமாக்குங்கள்.

புதுமலர்:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மன்னிக்கவும், ஒரு சின்னக் கேள்வி. நாங்கள் நாலு குடும்பம், பிள்ளைகளையும் சேர்த்துப் பதினான்கு பேர், பெரியவர்கள் இரண்டு பேருக்கு முட்டி வலி. கொலம்பஸ் தின வாரத்தில் ரிட்ஜ் ஏறுவதாகத்தான் இருந்தோம். இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

மலைக்கோட்டை:

ரிட்ஜ் வேண்டாம் அம்மா. பதினான்கு பேர் சேர்ந்து நடந்தால் வேகம் கடைசி ஆளின் வேகம்தான். இந்த வளையத்துக்கு நன்றாக நடப்பவருக்கே ஆறேழு மணி நேரம். அக்டோபர் நடுவில் ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு வெல்ச்-டிக்கி வளையம்: நாலரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு, வெறும் பாறை மேல் நடந்து ஊர் முழுவதும் பார்க்கலாம். மழை பெய்திருந்தால் மட்டும் வேண்டாம், பாறை வழுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு லோன்சம் லேக், போய்வர மூன்று மைல் சொச்சம். முட்டி வலிக்காரர்களோடு ஒருவர் கான்கமேகஸ் சாலையில் போங்கள், லிங்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல். சபடே அருவியும் ராக்கி கார்ஜும் வண்டியிலிருந்து கிட்டத்தில்தான். அங்கே நிறுத்த நாளுக்கு 5 டாலர், உறையில் போட்டு பெட்டியில் போட வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு பாஸ் இருந்தால் அதுவே செல்லும். முடிந்தால் சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் வாருங்கள். மேலே போன் சிக்னலை நம்பாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். நம் சங்கங்கள் நாற்பது ஐம்பது பேரைப் பஸ்ஸில் கூட்டி வருகின்றன. லாப நோக்கமில்லாத கூட்டம் 75 பேருக்குக் கீழ் என்றால் வனத்துறை அனுமதிகூட வேண்டாம்தான். அதற்காக ஐம்பது பேரும் ஒரே பாதையில் வரிசையாக ஏறலாம் என்று ஆகாது. இங்கே வில்டர்னஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய காடு, என்று அறிவித்த பகுதிகளில் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்தான் என்று விதி இருக்கிறது. அதையே எல்லாப் பாதைக்கும் நாமே வைத்துக்கொள்ளலாம். நாலு குழுவாகப் பிரித்து, நாலு பாதைக்கு அனுப்பி, மாலையில் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் சேருங்கள்.

கல்லணை:

நாஷுவாவாசி, ஒரு கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எத்தனை பேர்? முந்நூறா, ஐந்நூறா? எந்த எண்ணைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். ஹேங்கிங் லேக்கின் 615 அந்த ஏரிக்கும் அந்தப் பார்க்கிங்குக்கும் உரிய எண். விட்னியில் பகல் நடைக்கு 100 பேர், இரவு தங்க 60 பேர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று. இங்கே யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதினால் ஏற்க முடியாது.

நாஷுவாவாசி:

எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். வனத்துறையின் சொந்த ஆய்வாளர்களே 1985-இல் ஒரு முறையை எழுதி வைத்தார்கள், மொன்டானாவின் பாப் மார்ஷல் வனப்பகுதியில் பயன்படுத்தியும் பார்த்தார்கள். எத்தனை பேர் அதிகம் என்று கேட்காதே, எந்த நிலைமை வரை பொறுக்கலாம் என்று முதலில் முடிவு செய், அதை அளந்துகொண்டே இரு, எல்லை தாண்டினால் நடவடிக்கை எடு என்பது அதன் சாரம். ரிட்ஜில் அளப்பது கடினமில்லை. கல் வரிசைக்கு வெளியே மிதிபட்ட மண்ணின் அகலம், குறிப்பிட்ட சில இடங்களில் செடி மூடிய பரப்பு. ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் போட்டோவும் அளவும். முதல் படி கல் வேலை, இரண்டாம் படி ஷட்டில், மூன்றாம் படி எண்ணிக்கை. மூன்றாம் படியை வேண்டவே வேண்டாம் என்று இப்போதே அடித்துவிடாதீர்கள் என்கிறேன்.

கல்லணை:

இதோடு எனக்குச் சண்டை குறைவு. ஆனால் மூன்றாம் படிக்கு முன் நிபந்தனைகள் வைப்பேன். அளவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், குறைந்தது மூன்று பருவம். இலையுதிர்கால வார இறுதிகளில் மட்டும் கேனன் மலைப் பார்க்கிங்கிலிருந்து ஓடுகிற ஷட்டில் கோடை முழுவதும் ஓட வேண்டும். எண்ணிக்கை வந்தே தீரும் என்றாலும் காரை எண்ணட்டும், ஆளை எண்ண வேண்டாம். ஒரு காரில் ஐந்து பேராக வருகிற குடும்பத்துக்கும் தனியாக வருகிறவருக்கும் அதுதான் நல்ல தூண்டுதல். ஷட்டிலில் வருபவருக்கு எண்ணிக்கையே இருக்கக் கூடாது.

நாஷுவாவாசி:

கடைசி வரியில் உடன்படவில்லை. செடிக்குக் காரில் வந்த கால், பஸ்ஸில் வந்த கால் என்று வித்தியாசம் கிடையாது. ஷட்டிலுக்கு வரம்பில்லை என்றால் ரிட்ஜில் இன்னும் அதிகம் பேர் நிற்பார்கள். பார்க்கிங் பிரச்சினையை மலை மேல் ஏற்றி வைக்கிற வேலை அது.

கேம்ப்டனில் இருக்கும் வன அலுவலகத்துக்கு எழுதப்போகும் கடிதத்தில், கல் வேலை, ஆட்கள், அளவு வெளியீடு மூன்றையும் எல்லோர் கையெழுத்தோடும் வைக்கிறேன். ஷட்டில் எண்ணிக்கை பற்றி இரண்டு கருத்தையும் தனித்தனியாக எழுதுவோம். உங்கள் பத்தியை நீங்களே எழுதி அனுப்புங்கள், வெட்டாமல் சேர்க்கிறேன்.